அஞ்சாத மீன்

என் தங்கை மகன் அடிலெய்டில் இருக்கிறான். வார நாட்களில் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஈட்டித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கடலுக்குள் முங்குகிறான். சிலிண்டர் கிடையாது, ஒரே மூச்சு. அது தீர்வதற்குள் மீனைக் கண்டு, நெருங்கி, எய்து, மேலே வந்துவிட வேண்டும். நான் போர்ட் பிளேரில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். விடுமுறை கிடைத்தால் ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல் ஏறி, முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குவேன். நாங்கள் இருவருமே நாகப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள். இருவருக்கும் கடல் என்றால் உயிர். நான் மீனைப் பார்த்துவிட்டு வருகிறேன். அவன் எடுத்துக்கொண்டு வருகிறான்.

“தேவைதானாடா இது?” என்று ஒருமுறை போனில் கேட்டேன். அவன் அதைச் சும்மா விடவில்லை.

“நீங்க ஜங்லிகாட் மார்க்கெட்ல வாங்கித் திங்கிறீங்க. நான் நானே புடிச்சுத் திங்கிறேன். உங்களுக்காக வேற ஒருத்தர் கொல்றார், எனக்காக நானே கொல்றேன். இதுல பாவம் யாருக்கு மாமா?”

பாவம் என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை. ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய், நேசிக்கிற ஒன்றைக் கொன்று ஒருவன் மகிழ முடியுமா, அப்படி மகிழ்ந்தால் அந்த நேசத்துக்கு என்ன மதிப்பு என்ற இடத்தில் வந்து நிற்கிறேன்.

நாகைக் கடல் கலங்கல் கடல். இடுப்பளவு நீரில் நின்றாலே கால் தெரியாது. என் அப்பா மீசை முளைக்கும் முன்பே கடலுக்குப் போனவர். எந்த நீரோட்டத்துக்கு எந்த மீன் ஏறும் என்று சொல்வார். வலை கனக்கிற விதத்தை வைத்தே உள்ளே கிடப்பது வவ்வாலா கானாங்கெளுத்தியா என்று ஊகிப்பார். ஆனால் தன் இடத்தில் நீந்திக்கொண்டிருக்கும் ஒரு மீனை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. மீன் என்றால் வலையில் துள்ளுவது, கூடையில் கிடப்பது, அம்மா அரிவாள்மனையில் வைத்துச் செதில் சீவுவது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மீனின் ருசி தெரியும், விலை தெரியும், முள் எங்கே இருக்கும் என்று தெரியும். அதன் நடமாட்டம் மட்டும் தெரியாது. அந்தமானுக்கு வேலை கிடைத்து வந்து, நாற்பது வயதை ஒட்டி ஸ்கூபா கற்றுக்கொண்டு முதன்முதலாகப் பவழப்பாறைக்குப் பக்கத்தில் மிதந்தபோது என்னைத் திகைக்க வைத்தது அழகு இல்லை. அங்கே ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வேலை இருந்தது. ஒன்று தன் எல்லையைக் காத்து நின்றது. ஒன்று பவழத்தைக் கரகரவென்று கடித்துத் தின்று மணலாகக் கழித்துக்கொண்டே போனது. எல்லாம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தன, எதையோ கவனித்துக்கொண்டிருந்தன. இத்தனை தலைமுறையாக நாங்கள் தின்ற உயிர் இப்படித்தான் வாழ்ந்ததா என்று தோன்றியது.

மருமகன் காண்பது வேறு கடல் இல்லை. சொல்லப்போனால் என்னைவிட நெருக்கமாகக் காண்கிறான். ஸ்கூபாக்காரன் விடும் ஒவ்வொரு மூச்சும் குமிழியாகச் சத்தம் போட்டுக்கொண்டு மேலே போகும். அவன் இறங்கினால் சத்தமே இல்லை. பத்து மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு; அவன் மேலே இழுத்துப் பிடித்த காற்று நெஞ்சுக்குள் பாதியாகச் சுருங்கும். இருபது மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. மூச்சு முட்டுகிற உணர்வு ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை, கரியமில வாயு சேர்வதால் வருவது. அதைப் பொறுத்துக்கொள்ள உடம்பைப் பழக்குகிறார்கள். பழக்கம் மிஞ்சினால், மேலே வரும் கடைசிச் சில மீட்டர்களில் முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பிவிடும். அதனால் தனியாக இறங்குவதில்லை. ஒருவன் கீழே போனால் இன்னொருவன் மேலே மிதந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருப்பான். இதில் உள்ள ஒழுக்கத்தை நான் மதிக்கிறேன்.

“அந்த ஒரு நிமிஷம் மனசுல ஒண்ணுமே இருக்காது மாமா. சம்பளம், வீட்டுக் கடன், வீசா, எதுவும் கிடையாது. கோயில்ல நின்னாகூட எனக்கு அப்படி வராது” என்றான்.

நம்புகிறேன். மூச்சை நிறுத்தினால் மனம் நிற்கும் என்பது யோகிகள் கண்ட விஷயம். திருமூலர் கும்பகத்தைப் பற்றிப் பாடியிருக்கிறார். ஆனால் ஒருமுகப்பட்ட மனம் அதனாலேயே நல்ல மனமாகிவிடாது. பறவையின் கண்ணைத் தவிர வேறொன்றும் தெரியாத அர்ச்சுனனின் மனமும் ஒருமுகப்பட்டதுதான். அது அவனை நல்ல வில்லாளி ஆக்கியது. அதற்குமேல் அது என்ன செய்தது என்பதைக் குருக்ஷேத்திரத்தில் அவனே கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

அவன் பக்க நியாயத்தை நான் குறைத்துச் சொல்லக் கூடாது. ஈட்டி எய்கிறவன் எந்த மீன், என்ன அளவு, முட்டைக் காலமா என்று பார்த்த பிறகே விசையை அழுத்துகிறான். இழுவைமடி அப்படிப் பார்ப்பதில்லை. குஞ்சு, நண்டு, கடல் பாம்பு, சில நேரம் ஆமை என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். சுருக்குமடிக்காக எங்கள் ஊர்க் கடற்கரையில் மீனவருக்கும் மீனவருக்கும் எத்தனை மோதல் என்பது தமிழ்நாட்டுக்கே தெரியும். நான் சந்தையில் வாங்கும் மீன் தளத்தில் கிடந்து மூச்சுத் திணறிச் செத்தது. அவன் எய்த மீனையோ கையில் பிடித்த உடனே, கண்ணுக்குச் சற்றுப் பின்னால் கத்தி முனையை ஒரே குத்தாக மூளைக்குள் இறக்கிவிடுகிறான். ஜப்பானியர் வழக்கம் அது, இக்கேஜிமே என்பார்கள். 2003-இல் லின் ஸ்னெடன் குழுவினர் ரெயின்போ டிரவுட் மீனின் முகத்தில் வலியை உணரும் நரம்பு முனைகளைக் கண்டு எழுதினார்கள். மீனுக்கு வலிக்காது என்று சொல்லிக்கொள்வது அதற்குப் பிறகு அத்தனை சுலபமில்லை. அப்படியிருக்க, வலி என்ற ஒரே அளவுகோலை வைத்தால் என் தட்டில் இருப்பதைவிட அவன் தட்டில் இருப்பதுதான் சுத்தம்.

திருவள்ளுவரும் எனக்குத் துணை வரமாட்டார். புலால் மறுத்தல் அதிகாரத்தில் அவர் தின்பவனையும் விற்பவனையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறார்; வாங்க ஆள் இல்லையென்றால் விற்க ஆள் ஏது என்பது அவர் கேள்வி. சமணர் இன்னும் கறார். செய்வது, செய்விப்பது, செய்ததற்கு உடன்படுவது மூன்றும் ஒன்றே என்பார்கள். தான் கொல்லாத, தனக்கென்று கொல்லப்படாத இறைச்சியைத் தின்னலாம் என்ற பௌத்தர் கட்சியைச் சமணக் காப்பிய நாயகி நீலகேசி விடாமல் மடக்குகிறாள். அந்த மன்றத்தில் நானும் மருமகனும் போய் நின்றால், அவளுடைய கேள்விகள் முதலில் என்னைத்தான் வந்து தைக்கும்.

சிலிண்டர் கட்டிக்கொண்டு ஈட்டி எய்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீன் ஒளியும் இடுக்குக்கு முன்னால் நிதானமாக மூச்சு விட்டபடி ஒருவன் காத்திருக்க முடியுமென்றால் மீனுக்குத் தப்ப வழியே இல்லை. குவின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் அதற்குத் தடை; மருமகனும் அதைக் கேவலம் என்றே சொல்கிறான். எங்களுக்குள் அதில் சண்டை இல்லை.

எங்கள் வழக்குக்கு நான் கண்ட முதல் வெளிச்சம் மணிமேகலையில். ஆதிரையின் கணவன் சாதுவன் சூதில் பொருளை எல்லாம் தோற்றுவிட்டுக் கடல் கடக்கப் போய், கப்பல் உடைந்து, நாகர் வாழும் மலையோரம் ஒதுங்குகிறான். அவர்கள் கரையேறும் மனிதரையும் கொன்று தின்கிறவர்கள். அவர்கள் மொழி தெரிந்ததால் இவன் பிழைக்கிறான். பேச்சு வளர்ந்து, கொல்லாமையைப் பற்றி நாகர் தலைவனுக்குச் சொல்கிறான். அந்தத் தலைவன் எதையும் மறைக்காதவன். ஊனை விட்டால் எங்களுக்கு வாழ்க்கை ஏது என்ற நிலையில் இருப்பவன். அவனுக்குச் சாதுவன் சொல்லும் அறம் அளவானது. கப்பல் உடைந்து வருகிறவரைக் கொல்லாதே. மூத்துச் சாகும் விலங்கைத் தின்றுகொள், மற்ற உயிரை விட்டுவிடு. இவ்வளவுதான். எங்களால் ஆகும் இதைச் செய்கிறோம் என்று தலைவனும் ஒப்புகிறான்.

எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு நெகிழும். துறவியின் அறத்தைத் தூக்கி வேடன் தலையில் வைக்கவில்லை சாத்தனார். கேட்பவன் யார், அவனுக்கு எது இல்லாமல் முடியாது என்று பார்த்து அந்த எல்லை வரைக்கும் மட்டும் கேட்கிறார். இதே அளவுகோலை எங்கள் மேல் வைத்துப் பார்க்கலாம். என் அப்பாவுக்கு மீன்தான் அரிசி, மீன்தான் தங்கையின் கல்யாணம். இங்கே அந்தமானில் ஆழமில்லாத நீரில் நின்று வில்லால் மீன் எய்யும் ஜாரவாக்களுக்கு அதுதான் அன்றைய சோறு. அவர்களிடம் யாரும் எதுவும் கேட்க உரிமையில்லை. மருமகனுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, தெருமுனையில் அங்காடி இருக்கிறது. அவன் ஒரு ஞாயிறு மீன் எய்யாவிட்டால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. மீனவனுக்குக் கிடைக்கும் விலக்கு அவனுக்குக் கிடைக்காது. மீனவர் வீட்டில் பிறந்தோம் என்பதால் அந்த விலக்கு எங்களுக்குச் சொத்தாக இறங்கி வந்துவிடாது.

இதைச் சொன்னபோது அவன் அதிபத்தரைக் கொண்டுவந்தான். எங்கள் ஊர்க்காரர் அல்லவா! அறுபத்து மூவரில் ஒருவர், நாகையின் நுளைப்பாடியில் பரதவர் தலைவர். வலையில் விழும் மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் வழக்கம். ஆவணி ஆயில்யத்தில் அவருக்கு விழா எடுத்து, பொன்மீனைக் கடலில் விடும் நிகழ்ச்சியைச் சின்ன வயதில் அவனைத் தோளில் தூக்கிப்போய்க் காட்டியவன் நான்தான். “அதிபத்தர் வலைய விட்டாரா மாமா? ஒரு மீன விட்டார், மத்ததப் புடிச்சார். சாமி வந்துச்சுல்ல?”

வந்தது. ஆனால் சேக்கிழார் சொல்லும் கதையில் கனம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வலை நிறைய மீன் விழுந்த நாட்களில் ஒன்றை விட்டது பெரிய காரியம் இல்லை. பிறகு ஒரு காலம் வருகிறது. நாளுக்கு ஒரே மீன்தான் விழுகிறது. அதையும் அவர் விடுகிறார். செல்வம் சுருங்கி, சுற்றம் பசியில் தளர்கிறது. கடைசியில் ஒருநாள் பொன்னும் மணியுமாக ஒரு மீன் விழுகிறது, அன்றைக்கும் அது ஒன்றுதான். அதையும் விட்டார். தன் பசி எவ்வளவு பெரிதானாலும் கடலில் கிடைப்பது தன்னுடையது இல்லை என்று அவர் அறிந்திருந்தார். பசித்தவர் ஒருவர் ஒரே மீனை விட்ட கதையை, பசியில்லாத நாம் பல மீனை எடுப்பதற்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. வலையில் விழுந்த மீன் உயிரோடு இருக்கும், விடலாம். ஈட்டி பாய்ந்த மீனை எங்கே விடுவது? அதிபத்தர் செய்ததை ஈட்டிக்காரன் செய்ய நினைத்தால், விசையை அழுத்துவதற்கு முன்பு மட்டுமே அவனால் முடியும். நான் இதைச் சொன்னதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“எய்த உடனே உன் மனசுல என்ன இருக்கும்? நிஜத்தைச் சொல்லு” என்றேன்.

“சந்தோஷம்தான் மாமா. பொய் சொல்ல மாட்டேன். கீழ ரத்தம் பச்சையா இருக்கும். மேல வர வரத்தான் செவக்கும்.”

ஆழத்தில் சிவப்பு நிற ஒளிதான் முதலில் மங்கும், அதனால் ரத்தம் அங்கே பச்சையாகத் தெரியும். வகுப்பில் நான் வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். அவன் வாயால் கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. வலை நிறைந்து வந்த நாளில் என் அப்பாவின் முகத்தில் நான் பார்த்தது நிம்மதி. டீசல் கடன், தரகரின் கணக்கு, அடுத்த வாரத்து வட்டி எல்லாம் இறங்கிய முகம். மீன் சாவதில் அவருக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. மருமகனுடைய சந்தோஷம் திறமையின் சந்தோஷம் என்று முதலில் எனக்குள் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் நீருக்கடியில் பலகை நட்டுக் குறி பார்க்கலாமே என்று கேட்டேன். அது இதைப் போல வராது என்றான். அவ்வளவு நேர்மையாக அவன் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். அந்த மகிழ்ச்சிக்கு எதிரே ஒரு உயிர் வேண்டியிருக்கிறது. தப்பிக்க நினைக்கிற உயிர். கொலையை வினையாக்குவது கொல்பவனின் மனநிலை என்று சமணர் நூல்கள் வரையறுக்கின்றன. அந்த வரையறைக்கு முன்னால் என் அப்பாவையும் அவர் பேரனையும் ஒன்றாக நிறுத்த என்னால் முடியவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எய்கிறவனையும் எய்யப்பட்ட மீனையும் பற்றியது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, எய்யப்படாமல் பார்த்துக்கொண்டிருக்கும் மீன்கள்.

ஹேவ்லாக் பக்கம் நான் போகும் பாறைகளில் ஒன்றில், பவழம் சற்று மேடாக வளர்ந்த இடம் இருக்கிறது. அங்கே விரல் நீளத்தில், நீல உடம்பில் கறுப்புக் கோடு ஓடும் சின்ன மீன் இரண்டு குடியிருக்கும். கிளீனர் ராஸ் என்று பெயர். பெரிய மீன்களின் உடம்பில் ஒட்டும் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழ்கிறவை. கண்ணாடியில் தெரிவது தன் உருவமே என்று இந்த மீன் அறிந்துகொள்வதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019-இல் எழுதியிருக்கிறார்கள். நான் மணல் திட்டில் முழங்கால் படாமல் மிதந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு பெரிய கலவா மீன் வரும். என் கையளவு அகலத்துக்கு வாய். அந்தச் சின்ன மீனின் அளவில் உள்ள எதையும் ஒரே உறிஞ்சலில் விழுங்கிவிடக் கூடியது. அது அந்த மேட்டுக்கு மேலே வந்து, துடுப்பை மெல்ல அசைத்தபடி ஒரே இடத்தில் நிற்கும். வாயைத் திறக்கும், செவுளை விரிக்கும். ராஸ் நேராக வாய்க்குள் போகும். பல்லைக் கொத்தும், இன்னும் உள்ளே போகும், செவுள் வழியாக வெளியே வரும், மறுபடி நுழையும். போதும் என்றால் கலவா வாயை லேசாக ஒரு முறை மூடித் திறக்கும், உடம்பைச் சிலிர்க்கும். சின்னது வெளியே வந்துவிடும். பிறகே வாயை மூடும். அடுத்த மீன் வரிசையில் காத்திருக்கும்.

அந்தக் கலவா என்னைப் பார்க்கும். கண்ணைத் தனியாகத் திருப்பி, நான் எங்கே இருக்கிறேன் என்று கவனித்துக்கொள்ளும். ஆனால் நகராது.

ஈட்டிக்காரர்களுக்கு இந்த இடங்கள் நன்றாகத் தெரியும். கலவா அங்கே நிற்கும்போது குறி தப்பாது. மருமகன் அங்கே எய்வதில்லை என்கிறான், நம்புகிறேன். எங்கே எய்தாலும் பாறை அதைக் கற்றுக்கொள்கிறது. மீன்பிடி நடக்கும் இடங்களில் மனிதனைக் கண்டு மீன் விலகத் தொடங்கும் தூரம், காப்பகங்களுக்குள் இருப்பதைவிட அதிகம் என்று ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். அதிலும் பெரிய மீன்தான் முந்தி ஓடும். தன் தலைக்கே விலை என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. கலவா இனங்களில் பெரும்பாலானவை பெண்ணாக வளர்ந்து, உடம்பு பெருத்த பிறகு ஆணாக மாறுபவை. அதனால் ஆகப் பெரியதைத் தேர்ந்து எய்வது இனத்தின் ஆண்களைத் தேர்ந்து எடுப்பதாகவும் முடிகிறது. அது கணக்கு. எனக்கு உறைப்பது அந்த விலகும் தூரம். ஒருவன் எய்வது ஒரு மீனை. எய்த பிறகு அந்தப் பாறையில் இருக்கிற அத்தனைக்கும் மனித உருவம் என்றால் சாவு என்று ஆகிவிடுகிறது. அடுத்து வருகிறவன் வெறுங்கையோடு வந்தாலும் அது மாறாது.

நம் மரபில் கொல்லாமைக்கு இன்னொரு பக்கம் உண்டு, அபயம். துறவு ஏற்கும் சடங்கில், என்னிடமிருந்து எந்த உயிருக்கும் அச்சம் வேண்டாம் என்று உறுதி சொல்கிறார்கள். ஆடுகின்ற சிவனின் ஒரு கையில் தீ இருக்கிறது, ஒரு கை அஞ்சாதே என்கிறது. கொல்லாமல் இருப்பது நான் செய்யாத ஒன்று. என் கணக்கில் முடிந்துவிடும். அபயம் அப்படி இல்லை. அது எதிரே இருக்கும் உயிருக்குள் இருக்கிறது. என்னைக் கண்டு அது நகராமல் நிற்பதில் இருக்கிறது. அதைத் தருவதற்கு யாராவது ஒருவர் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதாது; அந்த இடத்துக்கு வருகிற எல்லோரும் சேர்ந்துதான் தர முடியும். ஒரே ஒருவன் போதும் அதை எடுத்துவிட. பொழுதுபோக்காக ஈட்டி எய்வதில் நான் காணும் குற்றம் அதுதான். தனக்குச் சொந்தமில்லாத, பலர் சேர்ந்து சேர்த்த அபயத்தை ஒருவன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷத்துக்குச் செலவழிக்கிறான்.

மன்னார்க் கடலில் முத்துக்குளித்தவர்கள் இதை ஏதோ ஒரு வகையில் அறிந்திருந்தார்கள் போலிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். குளிப்பில் கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு. கட்டு பகலுக்கு மட்டும்தான்; இரவானால் அவிழ்த்துவிடுவார்கள், சுறா தன் கடலில் தன் விருப்பப்படி திரியலாம். மந்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வேலை நேரத்துக்கு மட்டும் வழி கேட்டுவிட்டு, பிறகு கடலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஈட்டியைக் கீழே வைத்தவர்கள் பலர் உண்டு. ஆஸ்திரியாவின் ஹான்ஸ் ஹாஸ் 1930களில் பிரெஞ்சுக் கடற்கரையில் ஈட்டியோடு தொடங்கியவர், பிறகு கேமராவின் பக்கம் போனார். ஆஸ்திரேலியாவின் ரான் டெய்லர் 1965-இல் டஹீட்டியில் நடந்த போட்டியில் உலக வெற்றியாளர். அவரும் மனைவி வேலரியும் போட்டிகளை விட்டுவிட்டார்கள். பெருந்தடைப் பவழத்திட்டில் மனிதரிடம் நெருங்கி வரும் ராட்சதக் கலவாக்களுக்குப் பாதுகாப்பு கேட்டுப் போராடினார்கள். மருமகன் ஊருக்குத் தெற்கே ஆல்டிங்காவில் 1963-இல் ஈட்டிப் போட்டியின் நடுவே ராட்னி ஃபாக்ஸை வெள்ளைச் சுறா கடித்தது. 462 தையல். பிழைத்து எழுந்தவர் சுறாக்களைப் பார்ப்பதற்குக் கூண்டு செய்தார், வாழ்நாள் முழுக்க அவற்றுக்காகப் பேசினார். இவர்கள் கதையை மருமகனுக்கு நான் பாடமாகச் சொல்லவில்லை. கொன்று சலித்த பிறகு வரும் கருணைக்குக் காத்திருக்க வேண்டும் என்றால், அதுவரை சாகிற மீன்களுக்கு யார் பதில் சொல்வது? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இவர்கள் யாரும் கடலை வெறுத்தவர்கள் இல்லை. ஈட்டி பிடித்தவன் நேசமே இல்லாதவன் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஸ்கூபாக்காரன் கை சுத்தம் என்றும் நான் சொல்ல வரவில்லை. துடுப்புச் செருப்பின் ஒரு வீச்சில், பல வருஷம் வளர்ந்த பவழக் கிளை முறிவதைக் கண்டிருக்கிறேன். நாங்கள் ஏறிவரும் விமானத்தின் புகையும் கடலைச் சுடவைக்கிறது. 2010 கோடையில் அந்தமான் பவழங்கள் வெளுத்துப் போனதற்கு எந்த ஈட்டியும் காரணமில்லை.

இதற்குப் பிறகு அவன் கேட்டதுதான் என்னை ஆட்டிவிட்டது.

“அபயம்னு சொல்றீங்களே மாமா, கடல் நமக்கு அபயம் குடுத்துச்சா? அம்மாயிகிட்ட கேக்க முடியுமா?”

அவன் அம்மாயி என்று கூப்பிட்டது என் அம்மாவை. 2004 டிசம்பர் 26, சுனாமி. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர் போனார்கள். அவன் அப்போது இரண்டாம் வகுப்பு. நான் போர்ட் பிளேரில் இருந்தேன். இங்கேயும் நிலம் ஆடியது, நீர் ஏறியது. ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் சந்தையில் மீன் வாங்க ஆள் இல்லை. மனித உடம்பைத் தின்ற மீனாக இருக்குமோ என்ற பயம். எங்கள் தெருவில் மீன் இல்லாமல் சோறு இறங்காதவர்கள் ரசத்தோடு எழுந்தார்கள். நாம் கடலைத் தின்கிறோம், கடலும் நம்மைத் தின்னும் என்பது அந்த நாட்களில் யாரும் சொல்லாமல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் அப்பா மாதக்கணக்கில் கடற்கரைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் விடியற்காலை எழுந்து போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மருமகனுக்கு நான் சொன்ன பதில் இது. கடல் நமக்கு எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. அதற்கு நம்மைத் தெரியாது, அம்மாயியையும் தெரியாது. அது கொன்றதில் குறி இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. நீயும் நானும் அப்படி இல்லை. எதிரே நிற்பது உயிர் என்று நமக்குத் தெரிகிறது, அழுத்தாமல் இருக்கவும் தெரிகிறது. தெரிந்தவனிடம்தான் கேட்க முடியும். கடலிடம் கேட்க முடியாததை எல்லாம் உன்னிடம் கேட்கிறேன், அவ்வளவுதான்.

அவன் உடனே எதுவும் சொல்லவில்லை. சில வாரம் கழித்து அவனே கூப்பிட்டான். துப்பாக்கியை விட்டுவிடவில்லை. ஆனால் இப்போது எல்லைக்குள் வரும் முதல் மீனை எய்வதில்லையாம். குறி வைத்து, விசையில் விரலை வைத்து, அது கடந்து போகும் வரை பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தேடுகிறானாம். “அதிபத்தர் கணக்கு மாமா” என்றான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் கதையை அவனுக்கு மறுபடியும் நினைவுபடுத்தினேன். மீன் நிறைய வந்த நாளில் அதிபத்தரை யாரும் சோதிக்கவில்லை. தண்ணீர் குளிர்ந்து, கலங்கி, காலையிலிருந்து முங்கி முங்கி எழுந்தும் ஒன்றும் கண்ணில் படாமல், கரைக்குத் திரும்பும் நேரத்தில் ஒரே ஒரு மீன் எதிரே வந்து நிற்கிற நாள் ஒன்று வரும். அன்றைக்கு அதுதான் முதல் மீன், அதுவேதான் கடைசி மீன். அப்போது என்னடா செய்வாய் என்று கேட்டேன்.

“அன்னிக்கு வந்து சொல்றேன் மாமா” என்றான்.